நூற்றுப்பத்துக்கு எழுபது

“அங்கிள், இந்த நூற்றுப்பத்துக்கு எழுபது, எந்தக் கையில எடுத்தீங்க?”

போன மாதம் ஒரு காலையில், நீலாயில் மகள் வீட்டுச் சமையலறையில் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசியில் வந்த கேள்வி இது. கேட்டவர் டாக்டர் ஹேமா. கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கும் சின்னப் பெண். இளம் வயதில் கழுத்து ரத்தக்குழாய்களில் அழற்சி வந்தவர்கள் பல வருஷம் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று அவரும் கூட இருப்பவர்களும் தேடிப் பார்த்து வருகிறார்கள். யாருக்குக் கண் போனது, யாருக்குப் பக்கவாதம் வந்தது, யார் ஒன்றும் ஆகாமல் பேரன் பேத்தி எடுத்தார்கள் என்று கோப்புகளைப் புரட்டும்போது விமலாவின் கோப்பு கையில் வந்திருக்கிறது. அதன் முதல் தாள் ஒரு தோட்டத்துக் கிளினிக்கில் எழுதப்பட்டது. கையெழுத்து என்னுடையது.

“கழுத்து வலி வந்ததுக்கு அப்புறம் வரிசையா நாலு மாசம் இதே நம்பர் போட்டிருக்கீங்க அங்கிள். அஞ்சாவது வரியில வேற டாக்டர் கையெழுத்து. ரெண்டு கையிலயும் நாடியே இல்லைன்னு இருக்கு. திடீர்னு எப்படி? இவ்வளவு வேகமா போன கேஸ் எங்க லிஸ்ட்ல வேற இல்லலா.”

“இருபது வருஷம் ஆச்சேம்மா. ஞாபகம் இல்ல” என்றேன்.

பொய். அன்றைக்கு விமலா தலையில் கட்டியிருந்த துணியின் நிறம் கேட்டால்கூடச் சொல்வேன். அன்று பகல் முழுக்க மகளிடம் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். மறுநாள் நானே ஹேமாவைக் கூப்பிட்டு மூன்று வாக்கியத்தில் உண்மையைச் சொன்னேன். “தேங்க்ஸ் அங்கிள், திருத்திக்கிறேன்” என்றார். விமலா கடைசி இரண்டு பரிசோதனைத் தவணைக்கும் வரவில்லை என்றும், போன் நம்பர் மாறிவிட்டது என்றும், என்னால் கண்டுபிடிக்க முடியுமா என்றும் கேட்டார். அந்த மூன்று வாக்கியத்தில் அடங்காததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் போர்டிக்சன் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தார், ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துச் சிற்றாலயத்தில் மணி அடித்தார். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஊசி போடவும், தையல் போடவும், பெரியவர்கள் ஏசும்போது தரையைப் பார்க்கவும் கற்றுக்கொண்டேன். வேலைக் கடிதத்தில் மருத்துவ உதவியாளர் என்று போட்டிருந்தார்கள். தோட்டத்தில் யார் கடிதத்தைப் பார்த்தார்கள்? முதுகுக்குப் பின்னால் டிரெஸ்ஸர், முகத்துக்கு நேரே ஐயா. கடைசி வரைக்கும் அதுதான் என் பதவி.

நான் வேலைக்குப் போன தோட்டம் போர்டிக்சனுக்கும் சிரம்பானுக்கும் நடுவில் இருந்தது. ரப்பரை அழித்து, எண்ணெய்க்காகச் செம்பனை போட்டிருந்தார்கள். கிளினிக் என்பது இரண்டு அறை, ஒரு நீளப் பலகை, ஒரு தண்ணீர்த் தொட்டி. எங்களுக்கு மேலே ஒரு டாக்டர். செவ்வாய்க்கிழமைதோறும் அம்பாங்கானிலிருந்து தன் சின்னக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வருவார். டாக்டர் ஞானமலர். இலங்கைத் தமிழர், குள்ளமான மனுஷி, கல்யாணம் செய்துகொள்ளாதவர். தோட்டத்தில் டாக்டரம்மா.

டாக்டரம்மா ஏசவே மாட்டார். அதுதான் பயம். வந்ததும் தண்ணீர்த் தொட்டியில் முழங்கை வரை கழுவுவார். ஸ்டெதஸ்கோப்பின் வட்டத்தை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்குவார். எந்த நோயாளி வந்தாலும், காலில் முள் குத்தியவராக இருந்தாலும், முதலில் மணிக்கட்டைப் பிடிப்பார். மூன்று விரல். கண்ணை மூடிக்கொள்வார். முழுதாக ஒரு நிமிஷம். பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்கும் வேலையெல்லாம் அவரிடம் கிடையாது. அந்த ஒரு நிமிஷம் யாரும் பேசக் கூடாது. வெளியே பலகையில் இருப்பவர்கள்கூட அடங்கிவிடுவார்கள். டாக்டரம்மா ஜெபம் பண்ணுகிறார் என்றுதான் பாதிப் பேர் நினைத்திருந்தார்கள்.

எனக்கு அவர் நடத்திய முதல் பாடம் ஒரு சாவு வீட்டில். நான் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் வீட்டில் மயங்கிவிட்டார் என்று கூப்பிட்டார்கள். ஓடினேன். கையைப் பிடித்தேன். கட்டை விரலால் அழுத்திப் பிடித்தேன். நாடி ஓடியது. நன்றாகவே ஓடியது. “நாடி இருக்கு, யாரும் அழாதீங்க” என்று சத்தமாகச் சொன்னேன். அவர் மனைவி அழுகையை நிறுத்திவிட்டுச் சுடச்சுடக் காப்பி கலந்து கரண்டியால் அவர் வாயில் ஊற்ற ஆரம்பித்தார். காப்பி ஒரு பக்கமாக வழிந்தது. அந்த அம்மா துடைத்துத் துடைத்து ஊற்றினார். நான் கட்டை விரலை எடுக்காமல் எண்ணிக்கொண்டே இருந்தேன். எண்பத்தெட்டு, தொண்ணூறு என்று நாடி ஏறிக்கொண்டே போனது.

செவ்வாய்க்கிழமை என்பதால் டாக்டரம்மா வந்து சேர்ந்தார். மூன்று விரலை வைத்து ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். பிறகு கரண்டியை அந்த அம்மாவின் கையிலிருந்து மெதுவாக வாங்கிக் கீழே வைத்தார். என்னைப் பின்பக்கம் அழைத்துப் போய், என் கட்டை விரலை எடுத்து அங்கிருந்த மேசையின் விளிம்பில் வைத்து அழுத்தினார்.

“இப்ப எண்ணும்.”

எண்ணினேன். மரத்துக்குள் டப் டப் என்று அடித்தது.

“ஓடுதோ?”

“ஓடுது டாக்டர்.”

“அப்ப மேசைக்கும் உயிர் இருக்கு” என்றார். “நீர் இவ்வளவு நேரமும் எண்ணினது உம்மடை நாடி.”

கட்டை விரலில் நமக்கே ஒரு நாடி உண்டு, அதனால்தான் மற்ற விரல்களால் பிடிக்க வேண்டும் என்பது புத்தகத்தில் இருக்கிறது. நானும் படித்துத் தேறியவன்தான். ஆனால் செத்த மனிதரின் கையில் என் உயிர் ஓடியதை உணர்ந்த அந்த நாற்பது நிமிஷம் என்னை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு என் விரல்களை நான் முழுதாக நம்பியதே இல்லை. பின்னால் நடந்ததற்கு இதைச் சாக்காகச் சொல்லவில்லை, நடந்தது நடந்தபடி சொல்கிறேன்.

விமலா வந்தது இது நடந்து பல வருஷம் கழித்து. அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. புருஷன் குமார் பழம் வெட்டுகிறவன். நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி உயரத்தில் இருக்கும் குலையை அறுத்துத் தள்ளுவான். விழுந்த குலையிலிருந்து சிதறும் உதிரிப் பழங்களை விமலா பின்னாலேயே பொறுக்குவாள். பத்து மாதத்தில் ஒரு பெண் குழந்தை, ஷாலினி. காலையில் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு வேலைக்குப் போவாள். பத்து மணிக்கு ஒரு தடவை பால் கொடுக்க ஓடி வருவாள். கிளினிக் சன்னலிலிருந்து பார்த்தால் அவள் ஓடுவது தெரியும்.

முதலில் கழுத்து வலி என்றுதான் வந்தாள். இரண்டு பக்கமும் தாடைக்குக் கீழே தொட்டால் துள்ளினாள். லேசான காய்ச்சல், அசதி, உடம்பு இளைத்திருந்தது. மாமியார் அதற்குள் பொன்னுக்கு வீங்கி என்று முடிவு செய்து, தன் தங்கச் சங்கிலியைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டு, மேலே மஞ்சள் பற்றும் போட்டிருந்தார். நான் மாமியாரைப் பார்த்துச் சிரித்தேன். தொண்டைப் புண் என்று சொல்லிக் காய்ச்சல் மாத்திரை கொடுத்தேன். இரண்டு பேரும் தப்பு. அவர் சங்கிலியாவது கெடுதல் செய்யவில்லை.

இரண்டு வாரம் கழித்து மாதப் பரிசோதனை. பூச்சிமருந்து அடிக்கும் பெண்களுக்காக ஏற்பட்டது. ஆனால் எங்கள் தோட்டத்தில் வெளிவேலைப் பெண்கள் எல்லோரையுமே வரிசையில் நிறுத்திவிடுவார்கள். முப்பது பேருக்கு மேல் இருப்பார்கள். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்து அவர்களை ஏற்றிப்போக லாரி காத்திருக்கும். லாரிக்காரன் ஹார்னை அழுத்திக்கொண்டே இருப்பான். என்னிடம் முள் வைத்த பிரஷர் மிஷின் ஒன்று. துணியைக் கையில் சுற்றி, முழங்கை மடிப்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, காற்றை ஏற்றி மெதுவாக விட்டால், முதல் சத்தம் கேட்கும் இடத்தில் முள் லேசாகத் துள்ளும். அந்த இடம் மேல் எண். சத்தம் அடங்கும் இடம் கீழ் எண். ஒரு ஆளுக்கு இரண்டு நிமிஷமாவது வேண்டும். எனக்கு அரை நிமிஷம்தான் கிடைக்கும். ஹார்ன் சத்தத்தில் கேட்காமல் போனால், ஆள் பார்க்க நன்றாக இருந்தால், நூற்றுப்பத்துக்கு எழுபது என்று எழுதிவிடுவேன். யாருக்கும் உறுத்தாத எண். வருஷக்கணக்காக அப்படித்தான் செய்தேன். ஒன்றும் ஆகவில்லை.

விமலா நீலத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இடது கையில் காற்றை ஏற்றி விட்டேன். முள் எந்த இடத்திலும் தயங்காமல் வழுக்கிக்கொண்டு சுழியத்தில் வந்து நின்றது. ஹார்ன் என்று நினைத்தேன். எழுந்து போய் லாரிக்காரனை ஏசிவிட்டு வந்தேன். இப்போது அமைதி. மறுபடி ஏற்றினேன். ஒன்றும் இல்லை. வலது கை. ஒன்றும் இல்லை. மிஷினைத் தூர வைத்துவிட்டு மணிக்கட்டைப் பிடித்தேன், மூன்று விரலால்தான். அழுத்தினேன், தளர்த்தினேன், இடம் மாற்றினேன். வெதுவெதுப்பான கை. எலும்பு தெரிந்தது, நரம்பு தெரிந்தது. நாடி இல்லை. அவள் மூச்சு விடுகிறாள், கண் சிமிட்டுகிறாள், “என்னங்கய்யா?” என்கிறாள். கையில் மட்டும் உயிருக்கான அடையாளம் எதுவும் இல்லை.

செத்தவரிடம் இருப்பதாகச் சொன்ன விரல்கள், உயிரோடு இருப்பவளிடம் இல்லை என்கின்றன. எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். வரிசையில் பின்னால் இருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் பேனாவை எடுத்து 110/70 என்று எழுதினேன்.

“நல்லாத்தான் இருக்கு. போம்மா.”

அவள் போகவில்லை. என்னையே பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய் லாரியில் ஏறிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போய் என் மனைவியின் கையைப் பிடித்துப் பார்த்தேன். எழுபத்தாறு. என் கை, எண்பது. அடுத்த நாள் கிளினிக்குக்கு வந்த எல்லோருக்கும் பார்த்தேன். எல்லோருக்கும் இருந்தது. விமலாவை மட்டும் நான் கூப்பிடவில்லை. இப்போது யோசித்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. அவளைக் கண்டால் எனக்குப் பயமாக இருந்தது, அதுதான் உண்மை. பெட்டிக்கடையில் சாமான் வாங்கிக்கொண்டு, சில்லறையை எண்ணிக்கொண்டு, நாடி இல்லாத ஒருத்தி எதிரே நடந்து வருகிறாள். நான் சந்துக்குள் திரும்பிக்கொள்வேன்.

அடுத்த மாதம் அவளாகவே வந்து தலை சுற்றுகிறது என்றாள். “காதுக்குள்ள யாரோ ஊதுறாங்கய்யா. விட்டு விட்டு ஊதுறாங்க.” காதுக்குச் சொட்டு மருந்து கொடுத்தேன். பிரஷர் மறுபடியும் கேட்கவில்லை. அதற்குள் நான் ஒரு விளக்கம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். பிள்ளை பெற்ற உடம்பு, பலவீனம், லோ பிரஷர். அவ்வளவு லோவாக இருந்தால் காதில் விழாது. மனசுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? எலுமிச்சம்பழ நீரில் உப்பை அள்ளிப் போட்டுத் தினம் மூன்று வேளை குடிக்கச் சொன்னேன். லோ என்று எழுதினால் போன மாத எண்ணை யாராவது கேட்பார்கள். ஆகவே தாளில் மறுபடியும் 110/70.

பிறகு மயக்கம் ஆரம்பித்தது. மூன்று தடவை விழுந்தாள். மூன்றும் பதினாலாம் பிளாக்கில். தோட்டத்திலேயே உயரமான மரங்கள் அங்கேதான், அடுத்த வருஷம் வெட்டவிருந்தவை. முன்பு அந்த இடத்தில் தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லயம் ஒன்றும் ஒரு கிணறும் இருந்தன. கிணற்றை மூடியிருந்தார்கள். பேய் இருக்கிறது என்று ஆட்கள் பேச இது போதாதா? மண்டோர் பிளாக்கின் முனையில் எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தடவி வைத்தார். பெண்கள் தனியாகப் போக மறுத்தார்கள். அவள் பிள்ளையைத் தொடுவதில்லை என்பது அடுத்த பேச்சு. பத்து மணிக்கு ஓடி வருவது நின்றுபோனது. பாலை மறக்கடித்துவிட்டாளாம். பிள்ளை அழுதாலும் தூக்க மாட்டாளாம், மாமியார்தான் தூக்குகிறாராம். ஒரு நாளைக்கு நாலு தடவை குளிக்கிறாளாம். ஏதோ பிடித்துவிட்டது, அது பிள்ளையைத் தொட விடவில்லை என்று ஆயாக்கொட்டகை ஆயா என்னிடமே வந்து சொன்னார்.

நான் கிறிஸ்தவன், இதையெல்லாம் நம்பாதவன். ஆனாலும் ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பதினாலாம் பிளாக்குக்குப் போனேன். மேலே மட்டைகள் ஒன்றோடொன்று கோத்து, பகலிலும் உள்ளே மங்கலாக இருந்தது. குமார் எங்கோ நிரையின் கடைசியில் வெட்டிக்கொண்டிருந்தான். குலை விழும் சத்தம் மட்டும் வந்தது. விமலா ஒரு மரத்தடியில் நின்றாள். தலைமுடி நனைந்திருந்தது. மழை இல்லை. சட்டையின் தோளெல்லாம் ஈரம். என்னைப் பார்த்து, “ஐயா” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. ஏதோ கேட்க வருகிறாள் என்று தெரிந்தது. நான் மோட்டாரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான்காம் மாதப் பரிசோதனை முடிந்து சில நாளில், ஒரு செவ்வாய்க்கிழமை, குமார் அவளைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தான். டாக்டரம்மா உள்ளே கை கழுவிக்கொண்டிருந்தார்.

“ஐயா, பெரட்டுல நிக்கும்போது ரெண்டு கண்ணும் போயிருச்சுங்கய்யா. வலது கண்ணு திரும்பி வந்துச்சு. இடது வரவே இல்ல” என்றாள் விமலா.

டாக்டரம்மா அவளை உட்காரவைத்து மணிக்கட்டைப் பிடித்தார். கண்ணை மூடினார். ஒரு நிமிஷம். மற்றக் கை. இன்னொரு நிமிஷம். கண்ணைத் திறந்ததும் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பிறகு ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் சூடாக்கி அவள் கழுத்தில் வைத்து, காதுக்குழாயைக் கழற்றி என் காதில் மாட்டினார். ஊதும் சத்தம். குறுகலான குழாய்க்குள் யாரோ விட்டு விட்டு ஊதுகிற மாதிரி. அவள் காதுக்குள் கேட்கிறது என்று சொன்னது அதுதான்.

“மேலே பாத்தா என்னம்மா நடக்கும்?”

“இருட்டிக்கிட்டு வரும் டாக்டரம்மா.”

“சாப்பிடேக்க தாடை களைக்குதோ?”

“ஆமாங்க. பாதியில நிறுத்தி நிறுத்தித்தான் மெல்லுவேன்.”

அவளைக் குப்புறப் படுக்கவைத்தார். தன் பையிலிருந்து அகலமான ஒரு துணிப்பட்டையை எடுத்துத் தொடையில் சுற்றி, முழங்காலுக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் காற்றை ஏற்றினார். ஏற்றிக்கொண்டே போனார். முள் துள்ளிய இடத்தை நானும் பார்த்தேன்.

“கையில ஒண்டுமில்லை. காலில இருநூற்றிருபது” என்றார் டாக்டரம்மா. “நாடி இருக்கம்மா. காலில நல்லா அடிக்குது. பயப்பிடாதையும்.” பிறகு என் பக்கம் திரும்பி, “உப்புக் குடுத்தனீரோ?” என்று கேட்டார். மேசையில் அவள் கொண்டுவந்த எலுமிச்சைத் தண்ணீர் போத்தல் இருந்தது.

கழுத்துக்கும் கைகளுக்கும் போகும் பெரிய ரத்தக்குழாய்களின் சுவரில் அழற்சி. தகாயாசு என்று அதற்குப் பெயர், இளம் பெண்களுக்குத்தான் அதிகம் வரும். கழுத்தில் வலித்ததே அந்தக் குழாய்கள்தான். வலி அடங்கியதும் குணமாகிவிட்டது என்று நினைக்கிறோம். சுவர் தடித்து வழி குறுகிக்கொண்டே போகும். கைக்கு ரத்தம் போகும் வழி அடைந்துவிட்டதால் கையில் பார்த்தால் பிரஷரே இருக்காது. உடம்புக்குள் உண்மையான அழுத்தம் கொதித்துக்கொண்டிருக்கும். அண்ணாந்து பார்த்தால் குறுகிய வழியும் நெருங்கி மயக்கம் வரும். பதினாலாம் பிளாக்கில் மரம் உயரம், குலை விழுகிறதா என்று அவள் நன்றாக அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. கிணற்றுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

டாக்டரம்மா என் தாளை எடுத்தார். பேனா முனையை முதல் 110/70-இல் வைத்தார்.

“தொட்டுப் பாத்தனீரோ?”

“பார்த்தேன் டாக்டர்.”

“என்ன இருந்தது?”

“ஒண்ணும் இல்ல.”

“அப்ப இது?”

லாரி, ஹார்ன், வரிசை என்று ஏதோ சப்பைக்கட்டு கட்டினேன். நான் சிவப்புப் பேனாவை எடுத்து அந்த நாலு வரியையும் அடிக்கப் போனேன். அவர் தாளின் மேல் கையை வைத்துவிட்டார்.

“வெட்டாதையும். கிடக்கட்டும்.”

கீழே தன் கையால் ஐந்தாவது வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கே தன் காரிலேயே அவளைச் சிரம்பானுக்குக் கொண்டுபோனார். மிஞ்சியிருக்கும் கண்ணும் மூளையும் தப்பினால் போதும் என்று போகும்போது என்னிடம் சொன்னார். அந்த வருஷ முடிவில் அவர் ஓய்வுபெற்றார். அந்தத் தாளைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு நானும் பார்க்காத எண்ணை எழுதவில்லை. லாரி நின்றால் நிற்கட்டும்.

விமலா பிழைத்தாள். இரண்டு மாதம் மருத்துவமனை, அப்புறம் வருஷக்கணக்கில் மாத்திரை. முகம் உப்பி, எலும்பு வலித்து, சர்க்கரை வந்தது. இடது கண் திரும்பவில்லை. பிறகு ஒரு சின்னப் பக்கவாதம் வந்து, இடது கை விரல் மூன்று சரியாக மடங்காது. இந்த நோய் ஓய்ந்த மாதிரி இருக்கும், ரத்தப் பரிசோதனையில்கூடத் தெரியாமல் சுவருக்குள் புகைந்துகொண்டிருக்கும் என்று ஹேமா சொன்னார். தவணைக்கு வராமல் இருப்பது அதனால்தான் ஆபத்தாம்.

தோட்டத்து ஆட்கள் சிதறிப் பல வருஷம் ஆகிறது. கேட்டுக் கேட்டு, அம்பாங்கானில் ஒரு வரிசை வீட்டில் அவளைக் கண்டுபிடித்தேன். பகல் நேரம். கதவைத் திறந்ததும் ஒற்றைக் கண்ணால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “டிரெஸ்ஸர் ஐயாவா? உள்ள வாங்கய்யா” என்றாள். நாற்பத்தாறு வயது, கனத்த உடம்பு. மைலோ கலந்து கொண்டுவந்தாள். குமார் தொழிற்சாலை வேலைக்குப் போயிருந்தான். மாமியார் இறந்து நாலு வருஷம் ஆயிற்றாம். ஷாலினி கல்யாணமாகி ஜொகூரில் இருக்கிறாளாம், தீபாவளிக்கு வருவாளாம்.

தவணைக்குப் போகச் சொன்னேன். “நல்லாத்தானே இருக்கேன்னு விட்டுட்டேன்ய்யா. போறேன்” என்று உடனே ஒத்துக்கொண்டாள். வந்த வேலை முடிந்தது. எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. இருபது வருஷமாக நெஞ்சில் அடைத்திருந்ததை, டம்ளரைப் பார்த்தபடியே சொன்னேன். நாடி இல்லை என்று அன்றைக்கே தெரியும், பொய் எழுதினேன், உப்புக் கொடுத்தேன், உன் கண் போனதற்கு நான்தான் காரணம் என்றேன்.

“தெரியும்ய்யா” என்றாள்.

நான் நிமிர்ந்தேன்.

“அந்த முள்ளு அசையவே இல்ல. நானும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். இந்தக் கையப் புடிச்சீங்க, அந்தக் கையப் புடிச்சீங்க. உங்க மூஞ்சி அப்படியே வெளுத்துப்போச்சு. அப்புறம் ஏதோ எழுதிட்டு, நல்லா இருக்கு போன்னு சொன்னீங்க. வீட்டுக்குப் போயி நானே புடிச்சுப் பாத்தேன். இல்ல. அவரு கையப் புடிச்சேன், இருந்துச்சு. பிள்ளை கையக்கூடப் புடிச்சேன், அதுக்கு என்னா வேகமா ஓடுச்சு தெரியுமா? எனக்கு மட்டும்தான் இல்ல.”

அவள் சாதாரணமாகத்தான் பேசினாள். கோபம் இல்லை. அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

“உயிரு போனது தெரியாம நடமாடிக்கிட்டு இருக்கேன், ஐயாவுக்கு அதச் சொல்ல மனசு வரலன்னு நெனச்சுக்கிட்டேன். உங்ககிட்ட கேக்கணும்னு வருவேன். நீங்க என்னையக் கண்டா ஓடுவீங்க. அப்ப அது நெஜந்தான்னு ஆயிருச்சு. சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்தாலே குளிக்காம பிள்ளையத் தொட மாட்டோம். நானே சாவுன்னா எப்படிய்யா தொடுறது? குளிச்சுக் குளிச்சுப் பாத்தேன். போகல. பால் கட்டிக்கிட்டு நெஞ்செல்லாம் வலிக்கும். பின்னால போயிப் பீச்சி மண்ணுல ஊத்துவேன். பிள்ளை உள்ள கெடந்து கத்தும்.”

மைலோ ஆறி ஆடை படிந்துவிட்டது. எனக்குக் குடிக்கத் தோன்றவில்லை.

“டாக்டரம்மா காலுல நாடி இருக்குன்னு சொன்னாங்கல்ல, அன்னைக்கு நான் அழுதது கண்ணு போனதுக்கு இல்லய்யா. ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததும் மொத வேலையா பிள்ளையத் தூக்கப் போனேன். அது ஓடிப் போயி என் மாமியார் காலக் கட்டிக்கிச்சு. கடேசி வரைக்கும் அதுக்கு அவங்கதான் அம்மா. என்னைய விமலான்னுதான் கூப்பிடும்.”

ஆறிப்போன டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள்.

“கண்ணு போனது நோவால போச்சு, அதுக்கு நீங்க என்னா செய்வீங்க. அன்னைக்கு ‘எனக்குத் தெரியலம்மா’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதும்ய்யா. நான் பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டே இருந்திருப்பேன்.”